தார்ப் புல்வெளியில் பறவை பார்க்க: முதன்முறை செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜெய்சல்மேரில் இறங்குபவர்களில் பெரும்பாலானோர் பாலைவனம் என்றால் மணல்மேடு என்ற எண்ணத்துடனேயே இறங்குகிறார்கள். ஒட்டகச் சவாரிக்கு அந்த எண்ணம் போதும். பறவை பார்க்க வருபவருக்கு அது முதல் நாளையே வீணாக்கிவிடும். ராஜஸ்தானின் ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் பாலைவனத் தேசியப் பூங்காவில் மணல்மேடுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மற்றவை சரளைத் தரை, பாறைத் திட்டு, உப்புப் படிந்த பள்ளம், இவற்றுக்கிடையே சேவண் என்னும் புல் குத்துக்குத்தாக நிற்கும் வெளி. நாம் தேடிப் போகும் பறவைகள் அந்தச் சரளையிலும் புல்லிலும்தான் இருக்கின்றன.

பெயரில் தேசியப் பூங்கா என்று இருந்தாலும், 1980இல் அறிவிக்கப்பட்ட இந்தப் பகுதி சட்டப்படி ஒரு வனவிலங்குச் சரணாலயம். இதற்குள் பல ஊர்கள் இருக்கின்றன. ஆடும் மாடும் ஒட்டகமும் மேய்கின்றன. பேருந்து ஓடும் சாலைகள் குறுக்கே செல்கின்றன. முதுமலையிலோ பெரியாறிலோ இருப்பதைப் போல ஒரு வாசல், ஒரு நுழைவுச்சீட்டு, ஒரு சவாரி வண்டி என்ற அமைப்பை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. வனத்துறை வேலியிட்டுப் பாதுகாக்கும் தனித்தனிப் பகுதிகளும், அவற்றைச் சுற்றி மக்கள் வாழும் திறந்த வெளியும் கலந்ததே இந்தச் சரணாலயம். பயணத் திட்டத்தின் ஒவ்வொரு முடிவும் இந்த அமைப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

எப்போது போவது

நவம்பர் நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி இறுதி வரை முதல் பயணத்துக்கு ஏற்ற காலம். மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் கழுகுகளும், பூனைப்பருந்துகளும் (ஹாரியர்), வீட்டியர் என்னும் சிறு தரைப்பறவைகளும், வானம்பாடிகளும் அப்போது நிலைகொண்டிருக்கும். பகலும் நடமாடத் தக்கதாக இருக்கும். இரவுக் குளிரை மட்டும் தென்னாட்டவர் குறைத்து மதிப்பிடக் கூடாது. சனவரியில் வெப்பநிலை 5 டிகிரி அளவுக்கு இறங்குவது சாதாரணம். திறந்த ஜீப்பில் விடியற்காலைக் காற்று முகத்தில் அடிக்கும்போது ஊட்டிக்கு எடுத்துச் செல்லும் மெல்லிய ஸ்வெட்டர் எதற்கும் உதவாது. ஏப்ரலுக்குப் பிறகு வெயில் 45 டிகிரியைத் தொடும் நாள்கள் உண்டு. மழைக்காலம், மிக அரிதாகிவிட்ட பெரும்பறவையான கானமயில் இனப்பெருக்கம் செய்யும் காலமாதலால் அப்போது புல்வெளியில் வண்டி ஓட்டித் திரிவதைத் தவிர்ப்பது நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச உதவி. செப்டம்பரில் இந்தியாவைக் கடந்து ஆப்பிரிக்கா நோக்கிச் செல்லும் சில பறவைகளைப் பார்க்கலாம் என்றாலும், அது இரண்டாவது மூன்றாவது முறை வருபவர்களுக்கு உரிய பருவம்.

டிசம்பர் கடைசி வாரத்தையும், மாக மாதப் (சனவரி–பிப்ரவரி) பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் பாலைவனத் திருவிழா நாள்களையும் விலக்கிவிடுங்கள். அந்த நாள்களில் தங்குமிடம் கிடைப்பதும் அரிது. கிடைத்தாலும் இரவெல்லாம் ஒலிபெருக்கி கேட்கும்.

போய்ச் சேர்வதும் தங்குவதும்

தமிழகத்திலிருந்து செல்பவர்களுக்கு ஜோத்பூர்தான் நுழைவாயில். மன்னார்குடியிலிருந்து பகத் கி கோத்திக்கு வாராந்தர விரைவு வண்டி ஒன்று ஓடுகிறது; பகத் கி கோத்தி என்பது ஜோத்பூர் நகரத்தின் இன்னொரு நிலையம். நேரம் குறைவாக உள்ளவர்கள் தில்லி அல்லது மும்பை வழியாக ஜோத்பூருக்கு விமானத்தில் செல்லலாம். ஜெய்சல்மேரிலும் விமான நிலையம் உண்டு என்றாலும் குளிர்காலத்தில்தான் சேவைகள் ஓரளவு இருக்கும். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் சாலை வழியாக ஏறக்குறைய 280 கிலோமீட்டர். இரவு ரயிலும் உண்டு. பகலில் காரில் செல்வதையே நான் பரிந்துரைப்பேன். பச்சை குறைந்து, மரம் சிறுத்து, தரை வெளிறிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்த்தவருக்கு மறுநாள் நிலத்தைப் புரிந்துகொள்வது எளிதாகிறது.

ஜெய்சல்மேரில் மூன்று முழுக் காலைப்பொழுதுகளாவது கையில் இருக்கட்டும். ஒரு நாள் காற்று பலமாக அடித்துப் புழுதி கிளம்பினால் அந்தக் காலை போய்விடும். இன்னொரு நாள் அனுமதிக்கும் வண்டிக்கும் அலைவதில் கரையும்.

தங்குவதற்கு மூன்று வழிகள் உண்டு. நகரத்தில் தங்கினால் வசதிகள் அதிகம். ஆனால் தினமும் விடியலுக்கு முன் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓட வேண்டும். நகரத்துக்கு மேற்கே 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சாம் மணல்மேட்டுக் கூடாரங்கள் புல்வெளிக்கு அருகில் இருந்தாலும், ஆட்டமும் பாட்டும் நள்ளிரவு வரை நீளும் இடங்கள் அவை. அதிகாலை ஐந்து மணிக்கு எழ வேண்டியவருக்குப் பொருந்தாது. தென்மேற்கே உள்ள குரி கிராமத்தின் மண்சுவர் விருந்தினர் வீடுகள் எளிமையானவை, அமைதியானவை. எனக்குக் குரிதான் பிடிக்கும். வெந்நீர் வாளியில் வரும், மின்சாரம் போய்ப்போய் வரும். ஆனால் காலையில் கதவைத் திறந்தால் முற்றத்து வேலியிலேயே பறவை பார்க்கத் தொடங்கிவிடலாம்.

அனுமதியும் எல்லையும்

வேலியிட்ட உள்பகுதிகளில் புகழ்பெற்றது சுதாசரி. அதற்குள் செல்ல ஜெய்சல்மேரில் உள்ள வனத்துறையின் வனவிலங்குப் பிரிவு அலுவலகத்தில் முன்னதாக அனுமதி பெற வேண்டும். அடையாள அட்டையின் நகல், வண்டி எண், ஓட்டுநர் பெயர், செல்லும் நாள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். விதிகளும் கட்டணமும் அவ்வப்போது மாறுகின்றன. கானமயில்கள் முட்டையிடும் காலத்தில் உள்ளே விடாமல் இருப்பதும் உண்டு. அனுமதி மறுக்கப்பட்டால் வாதாட வேண்டாம். சுதாசரிக்குள் காணக்கூடிய பறவைகளில் பெரும்பாலானவை வேலிக்கு வெளியிலும் இருக்கின்றன.

இது பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய மாவட்டம் என்பதை மறந்துவிடக் கூடாது. எல்லைக்கு நெருக்கமான பகுதிகளுக்கு மாவட்ட நிர்வாகத்தின் தனி அனுமதி தேவை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் கடவுச்சீட்டில் வருபவர்கள் எந்தச் சாலை வரை தடையின்றிச் செல்லலாம் என்பதை ஜெய்சல்மேரிலேயே தெளிவாகக் கேட்டு அறிந்துகொண்டு கிளம்ப வேண்டும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். செயற்கைக்கோள் தொலைபேசியையும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கைக்கருவிகளையும் இந்தியாவில் உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம். மலையேற்றப் பழக்கத்தில் அதைப் பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள் இங்கே பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்வார்கள். நீண்ட லென்ஸைப் படையினரின் முகாம், வண்டி, கோபுரம் எதன் பக்கமும் திருப்பாதீர்கள், அதன் உச்சியில் எவ்வளவு நல்ல வல்லூறு உட்கார்ந்திருந்தாலும்.

வண்டியும் வழிகாட்டியும்

பயணச் செலவில் எதைக் குறைத்தாலும் உள்ளூர்ப் பறவை வழிகாட்டிக்கான தொகையைக் குறைக்காதீர்கள். இந்த வெளியில் திசை தெரியாது, அடையாளம் சொல்ல ஒரு குன்றோ ஆறோ இருக்காது. எந்தக் குட்டையில் இந்த ஆண்டு தண்ணீர் நிற்கிறது, எந்த ஊர்க்காரர் தம் நிலத்தில் நடக்க விடுவார் என்பதெல்லாம் அங்கேயே வாழ்பவருக்குத்தான் தெரியும். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு சோதனை உண்டு. தொலைபேசியில் பேசும்போது, "கானமயில் கட்டாயம் பார்க்க முடியுமா?" என்று கேட்பேன். "கண்டிப்பாகக் காட்டுகிறேன், பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகிறேன்" என்று சொல்பவரை விட்டுவிடுவேன். "பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம், தூரத்தில்தான் தெரியும்" என்று சொல்பவரையே அமர்த்துவேன். முதல் வகையினர் பறவையை விரட்டித்தான் காட்டுவார்கள்.

வண்டி நான்கு சக்கர இழுவை உள்ளதாக இருந்தால் நல்லது. ஆனால் அந்த வலிமையைத் தடம் விட்டு ஓட்டுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. சேவண் புல்லின் குத்து ஒன்று மண்ணைப் பிடித்து வளர்ந்து நிற்கப் பல ஆண்டுகள் ஆகும். அதன் அடியில்தான் வானம்பாடியின் கூடும் ஓணானின் வளையும் இருக்கும். ஏற்கெனவே உள்ள தடத்திலேயே வண்டி செல்லட்டும் என்று ஓட்டுநரிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். நடுவழியில் சொன்னால், நீங்கள் படம் எடுக்க ஆசைப்படுவதாக எண்ணி அவர் இன்னும் நெருங்கத்தான் பார்ப்பார்.

பையில் என்ன இருக்க வேண்டும்

8×42 பைனாகுலர் போதுமானது. பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி இந்தத் திறந்த வெளிக்கு இன்னும் பொருத்தம் என்று சிலர் சொல்வார்கள்; காற்றில் கை நடுங்கும்போது எட்டே எனக்கு வசதியாக இருக்கிறது. குழுவுக்கு ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் (தொலைவில் உள்ள பறவையைப் பெரிதாக்கிக் காட்டும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) அதற்கொரு கனமான முக்காலியும் இருந்தால், பறவையை நெருங்க வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும். புகைப்படக் கருவியின் லென்ஸைத் திறந்த வெளியில் மாற்றவே கூடாது. மெல்லிய மணல் உள்ளே போய்விட்டால் பயணம் முடியும் வரை ஒவ்வொரு படத்திலும் புள்ளி இருக்கும். பெரிய துணிப்பையோ தலையணை உறையோ ஒன்று இருந்தால் கருவியை அதற்குள் போட்டு மடியில் வைத்துக்கொள்ளலாம்.

உடையில் அடுக்கு முறைதான் சரி. காலை ஆறு மணிக்குக் கம்பளிக் குல்லாவும் கையுறையும் வேண்டும். பதினொரு மணிக்கு அரைக்கை சட்டை போதும். வெளிறிய மண் நிறமே சிறந்தது. காட்டுக்கென்று வாங்கிய கரும்பச்சைச் சட்டை இங்கே மைல்கணக்கில் தெரியும்.

தனியாகச் சொல்ல வேண்டியது பூரட் புல்லைப் பற்றி. கோதுமை மணியளவுள்ள அதன் முள் உருண்டைகள் சாக்ஸிலும் காலணிக் கயிற்றிலும் காற்சட்டை மடிப்பிலும் ஏறிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் விரலில் ஏறும். என் முதல் பயணத்தில் கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நடந்தேன். பிறகு ஒரு மணி நேரம் வண்டியின் படியில் உட்கார்ந்து முள் எடுத்தேன், அதற்குள் நல்ல வெளிச்சம் போய்விட்டது. கணுக்கால் மூடும் தோல் காலணி, வழுவழுப்பான துணியில் தைத்த காற்சட்டை, ஒரு சிறிய இடுக்கி ஆகிய மூன்றும் இருந்தால் தப்பிக்கலாம்.

தண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டர். குடித்த புட்டிகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஒரு நாள் எப்படி அமைய வேண்டும்

சென்னையில் விடியும் நேரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே எழுந்தால் இருட்டில் காத்திருக்க நேரும். ஜெய்சல்மேர் நாட்டின் மேற்கு விளிம்பில் இருப்பதால் டிசம்பர் இறுதியில் சூரியன் எழ ஏழே கால் மணிக்கு மேல் ஆகிறது. ஆறரைக்கெல்லாம் புல்வெளியின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு, உள்ளேயே அமர்ந்திருங்கள். நரி வேட்டையிலிருந்து திரும்பும் நேரம் அது. பாலைவன நரியின் வாலில் வெள்ளை நுனி இருக்கிறதா என்று பாருங்கள். சிங்காரா மான்கள் அசையாமல் நின்று நம்மை உற்றுப் பார்க்கும்.

ஏழரையிலிருந்து பத்து வரை உள்ள நேரம்தான் பொன்னானது. காட்டில் பறவை பார்த்துப் பழகியவர்கள் ஓசையைக் கேட்டு, கிளையைத் தேடி, கழுத்தை உயர்த்துவார்கள். இங்கே கழுத்து உயர வேண்டியதில்லை. அடிவானத்துக்கும் காலடிக்கும் இடையே உள்ள தரையை மூன்று கீற்றுகளாகப் பிரித்துக்கொண்டு, பைனாகுலரை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்த வேண்டும், பிறகு அடுத்த கீற்றை வலமிருந்து இடமாக. முதல் சுற்றில் ஒன்றுமே தெரியாது. இரண்டாவது சுற்றில் ஒரு கல் ஓடும். மூன்றாவது சுற்றில் பக்கத்தில் இன்னும் நான்கு கற்கள் ஓடுவது தெரியும். கிரீம் நிறக் கோர்சர் என்னும் பறவையை நான் அப்படித்தான் முதலில் கண்டேன். ஓடும், சட்டென்று நிற்கும், நின்றவுடன் தரையோடு கலந்துவிடும். ஒரே இடத்தில் நாற்பது நிமிடம் அமர்ந்திருப்பவர், நாற்பது கிலோமீட்டர் ஓட்டியவரைவிட அதிகம் பார்ப்பார் என்று வழிகாட்டிகள் சொல்வதை முதலில் நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன்.

எட்டரையிலிருந்து பத்துக்குள் ஏதாவது ஒரு குட்டையின் கரையில் இருக்குமாறு திட்டமிடுங்கள். கல்கௌதாரிகள் (சாண்ட்கிரௌஸ்) தண்ணீர் குடிக்க வரும் நேரம் அது. முதலில் தொலைவில் குரல் கேட்கும், பிறகு கூட்டம் தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றும், இறங்கும், சில நொடிகளில் குடித்துவிட்டு எழுந்துவிடும். செங்கருமை வயிறுள்ள கல்கௌதாரி ஆண்டு முழுவதும் இருப்பது. புள்ளிக் கல்கௌதாரியும் கருவயிற்றுக் கல்கௌதாரியும் குளிர்காலத்தில் வருபவை. குஞ்சு உள்ள காலத்தில் ஆண் பறவை தன் வயிற்று இறகுகளைத் தண்ணீரில் நனைத்து, அந்த ஈரத்தைப் பல கிலோமீட்டர் சுமந்துபோய்க் குஞ்சுகளுக்கு ஊட்டும். குட்டையிலிருந்து ஐம்பது மீட்டராவது தள்ளி, வண்டிக்குள்ளேயே இருங்கள். அவை இறங்க அஞ்சித் திரும்பிவிட்டால் அன்றைய தண்ணீர் அவற்றுக்குக் கிடைக்காமல் போகலாம்.

பத்தரைக்குமேல் கானல் எழத் தொடங்கும். ஸ்கோப்பில் பார்த்தால் பறவை நீருக்கடியில் நிற்பதைப் போல நெளியும். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நேரத்தை வானத்துக்கு ஒதுக்குங்கள். தரை சூடாகி வெப்பக் காற்று மேலே செல்லும்போதுதான் கழுகுகளும் பாறுகளும் (பிணந்தின்னிக் கழுகுகள்) வட்டமிட எழும். நண்பகலில் ஊர்க் கிணற்றடி மரங்களின் நிழலில் ஓய்வெடுத்தால், சிறு பறவைகள் தாமாகவே அங்கே வரும். மூன்றரைக்குப் பிறகு மீண்டும் புல்வெளி. ஆறு மணிக்குச் சற்று முன் சூரியன் மறையும். அதற்கு அரை மணி முன்னதாக உயரமான புல் உள்ள இடத்தில் காத்திருந்தால், பூனைப்பருந்துகள் இரவு தங்க ஒவ்வொன்றாகத் தாழப் பறந்து வந்து புல்லுக்குள் அமிழ்வதைப் பார்க்கலாம்.

எதை, எப்படி அடையாளம் காண்பது

முதன்முறை செல்பவரைக் குழப்புவன வீட்டியர்கள். ஏறக்குறைய ஒரே அளவில், மண் நிறத்தில், ஏதாவது ஒரு கல்லின் மேல் நின்றுகொண்டிருக்கும். அவற்றின் முகத்தைப் பார்க்காதீர்கள். பறந்து எழும்போது வாலைப் பாருங்கள். வால் ஏறக்குறைய முழுவதும் கறுப்பாக இருந்தால் பாலைவன வீட்டியர். அதன் ஆணுக்குத் தொண்டையும் கறுப்பு. வாலின் நுனியில் மட்டும் அகலமான கறுப்புப் பட்டையும், நெட்டுக்குத்தாக நிமிர்ந்து நிற்கும் பழக்கமும் இருந்தால் இசபெல்லைன் வீட்டியர். வாலின் ஓரமும் பிட்டமும் துருச்சிவப்பாக இருந்தால் செவ்வால் வீட்டியர். இந்த மூன்றையும் முதல் நாளிலேயே பிரித்தறியப் பழகிவிட்டால் மற்ற நாள்கள் நிம்மதியாகப் போகும்.

ஸ்டோலிச்கா புதர்ச்சிட்டு உலகளவிலேயே அருகிவரும் பறவை. வடமேற்கு இந்தியாவின் இத்தகைய வறண்ட வெளிகளே அதன் முக்கிய வாழிடம். எருக்குச் செடியின் உச்சியிலோ சிறிய இலந்தைப் புதரிலோ தனியாக அமர்ந்திருக்கும். மார்பு இறகுகளை ஊதிப் பருத்து, பக்கத்துக்குப் பக்கம் அசைந்தாடும் வினோதப் பழக்கம் அதற்கு உண்டு. அதைப் பார்த்துவிட்டால் அடையாளத்தில் ஐயமே இராது.

பூனைப்பருந்துகளில் ஆண்களை மட்டும் முதலில் பிரித்தறியுங்கள். இறக்கையின் மேற்புறத்தில் குறுக்காகக் கறுப்புக் கோடு ஓடினால் மாண்டேகு; உடல் மிக வெளிறி, இறக்கை நுனியில் ஆப்பு வடிவில் மட்டும் கறுப்பு இருந்தால் பாலிட். பெண் பறவைகளைக் குறிப்பேட்டில் "பூனைப்பருந்து, பெண்" என்று எழுதிவிட்டு நகர்வதில் அவமானம் எதுவும் இல்லை. கழுகுகளுக்கும் இதையே சொல்வேன்: இறக்கை விரிந்த நிலையில் அடிப்புறத்தைப் படம் எடுத்துக்கொண்டு, மாலையில் அறையில் அமர்ந்து நிதானமாகப் பாருங்கள்.

பாறுகளைப் பற்றி ஒரு சொல். திருக்கழுக்குன்றத்தில் நண்பகல் உணவுக்கு வந்த இரண்டு பறவைகளைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் குறைவு. அவை மஞ்சள்முகப் பாறுகள்; அங்கே அவை வருவது நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன. அந்தப் பறவையை ஜெய்சல்மேரில் சாலையோரத்திலேயே பார்க்கலாம். செம்முகப் பாறு இங்கே வாழ்கிறது. யூரேசியப் பாறும் கருப்புப் பாறும் குளிர்காலத்தில் வருகின்றன. கால்நடைக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்ததால்தான் நாடெங்கும் அவை அழிந்தன. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006இல் தடை வந்தது. இறந்த கால்நடைகளைப் போடும் இடத்துக்குச் சென்றால் வண்டியை விட்டு இறங்க வேண்டாம். அங்கே கூடும் தெருநாய்கள் ஆளுக்கு அஞ்சாதவை.

கானமயில்

இந்தப் பயணத்துக்குப் பலரை இழுத்துவருவது இந்த ஒரு பறவைதான். ராஜஸ்தானின் மாநிலப் பறவையான இதை அங்கே கோடாவண் என்கிறார்கள். நம்மிடம் கானமயில் என்ற பெயர் இருப்பது தற்செயல் அன்று. ஒரு காலத்தில் தமிழகத்தின் வறண்ட புல்வெளிகளிலும் இது வாழ்ந்தது. இன்று உலகம் முழுவதிலும் எஞ்சியிருப்பவை ஏறக்குறைய நூற்றைம்பது என்று மதிப்பிடப்படுகிறது; அவற்றில் பெரும்பான்மை ஜெய்சல்மேர் மாவட்டத்தில். 2011இல் இது மிக அருகிய இனமாக வகைப்படுத்தப்பட்டது.

ஒரு மீட்டர் உயரம் நிற்கும். ஆண் பறவை 15 கிலோ வரை எடை கொண்டது. வெளிறிய நீண்ட கழுத்து, தலையில் கறுப்புத் தொப்பி, பழுப்பு முதுகு, ஆணுக்கு மார்பின் குறுக்கே கறுப்புப் பட்டை. குளிர்காலத்தில் வலசை வரும் ஹௌபாராவை, உள்ளூரில் திலோர் என்பதை, பலர் கானமயில் என்று எண்ணி மகிழ்ந்துவிடுகிறார்கள். திலோர் மிகவும் சிறியது, மணல் நிறமுள்ளது, அதன் கழுத்தின் பக்கவாட்டில் நெடுகக் கறுப்புக் கோடு இறங்கும். அதுவும் அரிய பறவைதான் என்பதால் ஏமாற்றம் கொள்ள வேண்டியதில்லை.

கானமயில் வெறுந்தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். அதை நாயோ நரியோ தின்றுவிட்டால் அந்த ஈடு போனதுதான். கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நேர்முன்னே இருப்பது அதற்குச் சரியாகத் தெரிவதில்லை. கனத்த உடலுடன் பறக்கும்போது குறுக்கே வரும் மின்கம்பியைக் கடைசி நேரத்தில் கண்டாலும் விலக முடியாது. சூரிய மின்சாரமும் காற்றாலையும் பெருகிய இந்த மாவட்டத்தில் கம்பிகள்தாம் இன்று அதன் முதன்மையான எமன். கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுசெல்ல உச்ச நீதிமன்றம் 2021இல் ஆணையிட்டது. 2024இல் அந்த ஆணையைத் திருத்தி, நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. சாமில் 2019 முதல் இனப்பெருக்க மையம் ஒன்று இயங்குகிறது; செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சு 2024 அக்டோபரில் பொரிந்தது. அந்த மையம் பார்வையாளர்களுக்கானது அன்று. வாசலில் போய் நிற்காதீர்கள்.

இவற்றை மனத்தில் கொண்டால் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறை தானே விளங்கும். பறவை தலையை நிமிர்த்தி உங்களைப் பார்க்கத் தொடங்கியதென்றால் நீங்கள் ஏற்கெனவே மிக நெருங்கிவிட்டீர்கள். வண்டியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லுங்கள். வண்டியை விட்டு இறங்காதீர்கள். அது நடந்து செல்லும் திசையில் முன்னால் போய்க் காத்திருக்காதீர்கள். ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஸ்கோப்பில் பத்து நிமிடம் பார்த்தால் அது நிறைவான காட்சி. எடுத்த படத்தைப் பகிர்வதாக இருந்தால் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். எந்த ஊர், எந்தக் குட்டை என்று எழுதாதீர்கள். உங்கள் ஒரு பதிவைப் பார்த்து மறுவாரம் பத்து வண்டிகள் அந்த இடத்துக்குப் போகும்.

ஊரும் ஓரணும்

புல்வெளியின் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய மேய்ச்சல் நிலம். தெய்வத்தின் பெயரால் காக்கப்படும் ஓரண் என்னும் பொதுநிலங்கள் இங்கே உண்டு. தேக்ராய் மாதா ஓரண் அவற்றுள் பெரியது. அங்கே மரம் வெட்டுவதில்லை, கிளையும் ஒடிப்பதில்லை. வனத்துறையின் வேலிக்கு வெளியே பறவைகள் தப்பியிருப்பதில் இந்த ஓரண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நம்மூர்க் கோயில்காடுகளை அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே நிற்கும் கேஜ்ரி மரம் நம் வன்னி மரமேதான். எத்தனையோ சிவன் கோயில்களில் தலமரமாக நாம் சுற்றிவரும் அந்த மரத்தைக் காட்டு மரமாக முழு உருவில் பார்ப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. அதன் காயைக் கேர் என்ற சிறு கனியோடு சேர்த்துச் சமைக்கும் கேர்-சாங்ரி பொரியலை, கம்பு ரொட்டியோடும் மோரோடும் ஒருவேளையாவது உண்டு பாருங்கள்.

ஊருக்குள் நுழையும்போது வழிகாட்டியை முன்னே விடுங்கள். ராஜபுத்திரர், சிந்தி முஸ்லிம்கள், மேய்ப்பர் சமூகத்தார் என்று ஊருக்கு ஊர் மக்கள் வேறுபடுவதால், எங்கே எப்படி வணக்கம் சொல்வது என்பது அவருக்குத் தெரியும். பெண்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. தேநீர் கொடுத்தால் மறுக்காதீர்கள். இடையர் ஒருவர் தேநீர்க் குடிக்கையில் சொல்லும் ஒரு வார்த்தை, எந்தச் செயலியும் தராத செய்தியாக இருக்கும். செயலிகளைப் பற்றிச் சொல்வதானால், இணையத் தொடர்பு பல இடங்களில் இராது. பறவைப் பட்டியலையும் வரைபடத்தையும் நகரத்திலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் கீசன்

ஜோத்பூர் திரும்பும் நாளில் பலோதி அருகே உள்ள கீசன் கிராமத்தில் ஒரு காலையைச் செலவிடுங்கள். உள்ளூரில் குர்ஜா என்னும் டெமாய்செல் பெருங்கொக்குகள் ஆயிரக்கணக்கில் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை இங்கே தங்குகின்றன. சமண சமயத்தைச் சார்ந்த ஊர் மக்கள் பல பத்தாண்டுகளாக, வேலியிட்ட ஒரு முற்றத்தில் நாள்தோறும் தானியம் தூவி வருகிறார்கள். மனித நடமாட்டத்துக்கு நடுவே, வீட்டு மாடிக்குச் சற்று மேலே வரிசை வரிசையாகப் பறவைகள் இறங்கும் காட்சியை, மூன்று நாள் தொலைநோக்கியில் மட்டுமே பார்த்துப் பழகிய கண்கள் நம்ப மறுக்கும். 2025இல் கீசன் ராம்சார் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. விடிவதற்கு முன் அங்கே இருக்க வேண்டும் என்பதால் முந்தைய இரவைப் பலோதியில் கழிப்பது வசதி. இரை எடுத்து முடித்த பறவைகள் முற்பகலில் அருகிலுள்ள ஏரிக்கரைக்குப் போய்விடும். அங்கேயும் போய்ப் பார்க்கலாம், கரையிலிருந்து தள்ளி நின்றால் போதும்.

பகத் கி கோத்தியில் வண்டி ஏறுவதற்கு முன் இடுக்கியைப் பைக்கடியில் போட்டுவிடாமல் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலணிக் கயிற்றிலும் பை வாரிலும் ஒட்டியிருக்கும் பூரட் முள்களை எடுத்து ஒரு காகிதத்தில் மடித்துக் குப்பைத்தொட்டியில் சேர்க்கும் வேலை, வண்டி ராஜஸ்தானைத் தாண்டும் வரை இருக்கும்.